ஆசுகவியும் ஒருநாட் படக்கதையும்

கலை காலத்தை வென்று நிற்பது என்பர். அக்கலையை ஆக்குவதற்கே கால எல்லை ஒன்றை வகுத்து, அவ்வெல்லைக்குள் முடித்துக் காட்டுக என்று கலைஞனை அறைகூவி அழைக்கும் வழக்கமும் தொன்றுதொட்டு இருந்து வருகிறது. தமிழில் இவ்வழக்கத்திற்கு ஆசுகவி என்றும் அவதானம் என்றும் பெயர்கள் உண்டு. மேலை நாட்டில், இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், இது படக்கதைத் துறையில் புத்துருவம் கொண்டது. 24 மணி நேரத்திற்குள் 24 பக்கங்கள் கொண்ட முழுப் படக்கதை ஒன்றை ஒருவரே புனைந்து, வரைந்து, எழுதி முடித்தல் வேண்டும் என்பது அதன் விதி. இன்று பல நாடுகளில் ஓவியர்கள் நூலகங்களிலும் புத்தகக் கடைகளிலும் கூடி அமர்ந்து, பொதுமக்கள் காணும்படியாக இம்முயற்சியை மேற்கொள்கின்றனர்.

இதனை வெறும் வேடிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. அரிய செயல் என்று கைதட்டி அமைவதும் எளிது. இவ்விரண்டும் திறனாய்வு ஆகா. இம்முயற்சி எதனைச் சோதிக்கிறது, எதனை விளைவிக்கிறது, தமிழ் மாணவர்க்கு எவ்வாறு பயன்படும் என்னும் மூன்று வினாக்களும் எண்ணிப் பார்க்கத் தக்கனவாகும். போட்டிகளுக்குக் குறைவில்லாத மலேசியத் தமிழ்ச் சூழலில் இவ்வினாக்களுக்குத் தனியொரு முதன்மையும் உண்டு.

அறைகூவலின் வரலாறு

1990ஆம் ஆண்டில் அமெரிக்கப் படக்கதை ஓவியர் ஸ்காட் மெக்லவுட், தம் நண்பரும் ஓவியருமாகிய ஸ்டீவ் பிசெட்டுக்கு இவ்வறைகூவலை விடுத்தார். பிசெட் கைதேர்ந்தவர், வெற்றுத்தாளில் விரைந்து கோடிழுக்கும் ஆற்றல் உடையவர். ஆயினும் அச்சுக்குரிய பக்கங்கள் என்று வந்துவிட்டால் அவர் கை தயங்கியது. விரைந்து வரையும் கை ஏன் இங்கு மட்டும் தயங்குகிறது என்னும் ஐயமே அறைகூவலுக்கு வித்தாயிற்று. மெக்லவுட்டும் தம்மை விரைவானவராகக் கருதியவர் அல்லர். அவர் அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் தம் கதையை வரைந்தார். சில நாள்களில் பிசெட்டும் வரைந்து முடித்தார். இரு நண்பர்கள் தம்முள் வைத்துக்கொண்ட இச்சோதனையில் பரிசும் இல்லை, நடுவரும் இல்லை, காண்போரும் இல்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

விதிகள் எளியவை. கதைக் குறிப்போ மாதிரி வரைவோ முன்னதாக ஆயத்தம் செய்தல் கூடாது. தாள், மை, தூரிகை, பார்த்து வரைவதற்குரிய படங்கள், உணவு ஆகியவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். இடையில் உறங்கலாம்; ஆனால் கடிகாரம் நிற்காது. மணிக்கு ஒரு பக்கம் என்னும் கணக்கு நோக்குவார்க்கு எளிதாகத் தோன்றும். அமெரிக்காவில் மாதந்தோறும் வெளிவரும் இருபது பக்கத்துக்குச் சற்று மிகுந்த படக்கதை இதழொன்றில் கதை எழுதுவோர் ஒருவர், பென்சிலால் வரைவோர் ஒருவர், மையிடுவோர் ஒருவர், உரையாடல் எழுத்துகளைப் பொறிப்போர் ஒருவர், வண்ணம் தீட்டுவோர் ஒருவர் எனப் பலர் உழைப்பதே பெருவழக்கு. அப்பலருடைய உழைப்பினை ஒருவர் தனித்து, ஒரே நாளில் ஆற்ற வேண்டும் என்பதை எண்ணும்போதுதான் இவ்விதியின் கடுமை விளங்கும்.

இம்முயற்சியில் தோற்றவர்களுக்கும் மதிப்புண்டு. எழுத்தாளர் நீல் கெய்மன் காலம் முடிந்தபோது 24 பக்கங்களை எட்டவில்லை. முடிந்த அளவில் நிறுத்திக்கொண்டார். நிஞ்சா ஆமைகள் என்னும் புகழ்பெற்ற கதைமாந்தரைப் படைத்த இருவருள் ஒருவராகிய கெவின் ஈஸ்ட்மன், மணி கடந்த பின்னும் விடாது வரைந்து 24 பக்கங்களையும் நிறைவு செய்தார். கடிகாரத்திற்குப் பணிந்து கதையைக் குறைத்தது ஒரு வகை. கதைக்குப் பணிந்து கடிகாரத்தைக் கைவிட்டது மற்றொரு வகை. இவ்விரண்டும் மேன்மையான தோல்விகள் என்று ஏற்கப்பட்டு, அவ்விருவர் பெயராலேயே வழங்கலாயின. தோல்விக்கும் பெயர் சூட்டிச் சிறப்பிக்கும் போட்டி உலகில் அரிதே.

இச்சோதனை பொதுமக்கள் நடுவே வந்தது பின்னரே. 2004ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், நாட் கெர்ட்லர் என்பாரின் முயற்சியால் 24 மணிநேரப் படக்கதை நாள் முதன்முதலாக நடைபெற்றது. பிரான்சில் ஆங்குலேம் நகரில் 2007ஆம் ஆண்டு, ஓவியர் லூவி திரோந்தேமின் முன்னெடுப்பில், இத்தகைய கூட்டு முயற்சி தொடங்கியது. அங்கே, வரையத் தொடங்கும் வேளையில் அனைவர்க்கும் பொதுவான நிபந்தனை ஒன்று அறிவிக்கப்படும்; அந்நிபந்தனைக்கு உட்பட்டே கதை அமைதல் வேண்டும். ஈற்றடி கொடுத்து வெண்பாப் பாடுக என்று கேட்கும் தமிழ் மரபினை அறிந்தோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

தமிழ் மரபில் விரைவுக்கலை

தமிழ்ப் புலவரை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என நான்கு வகைப்படுத்துவது மரபு. பொருளும் யாப்பும் பிறர் கொடுக்க, அக்கணமே பாடுவோன் ஆசுகவி. தேர், நாகம் முதலிய வடிவங்களுள் எழுத்துகள் அடங்குமாறு பாடுவோன் சித்திரகவி. முன்னது விரைவின் கலை. பின்னது பொறுமையின் கலை. ஒருநாட் படக்கதையோ விரைந்து சித்திரம் தீட்டுமாறு கேட்கிறது. அதன் இடர்ப்பாடும் அதன் கவர்ச்சியும் இம்முரணிலேயே பிறக்கின்றன.

அவதானம் இதனினும் கடியது. எட்டுச் செயல்களில் ஒரே வேளையில் கவனம் செலுத்துவது அட்டாவதானம். நூறு செயல்களில் செலுத்துவது சதாவதானம். கொடுத்த ஈற்றடிக்குப் பாட்டியற்றுதல், சதுரங்கம் ஆடுதல், முதுகில் எறியப்படும் நெல்மணிகளையோ ஒலிக்கும் மணியோசையையோ எண்ணி வைத்தல், கணக்குக்கு விடை கூறுதல் எனச் செயல்கள் விரியும். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியிற் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950), 1907ஆம் ஆண்டில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அறிஞர் பலர் முன்னிலையில் சதாவதானம் நிகழ்த்திப் பெரும்புகழ் பெற்றார். சதாவதானி என்பதே அவர் பெயரின் முன்னொட்டாயிற்று. இந்திய அரசு 2008ஆம் ஆண்டில் அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

இங்கே ஓர் உண்மையை உற்றுநோக்குதல் வேண்டும். பாவலர் கோட்டாற்றுப் பிள்ளைத்தமிழ், சம்சுத்தாசீன் கோவை முதலிய நூல்களையும் இயற்றியவர். பொதுமக்கள் நினைவில் நிற்பதோ மண்டபத்து அருஞ்செயலேயன்றி அந்நூல்கள் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டினராகிய அட்டாவதானம் வீராசாமி செட்டியாரின் நிலை இதற்கு நேர்மாறானது. அட்டாவதானம் என்பது அவர் பெயரோடு ஒட்டிய பட்டமாக மட்டும் நிற்கிறது; அவரை இன்றளவும் வாழ்விப்பது அமர்ந்து எழுதிய விநோதரசமஞ்சரி என்னும் உரைநடை நூலே. ஒருவர்க்கு அருஞ்செயல் நூலை மறைத்தது; மற்றொருவர்க்கு நூல் அருஞ்செயலைக் கடந்து நின்றது. கண்டோர் வியப்பு ஒன்று, கற்போர் மதிப்பு மற்றொன்று என்பதற்கு இவ்விருவர் வரலாறும் தக்க சான்றுகளாம்.

காளமேகப் புலவர் இவ்விரண்டையும் ஒருங்கே பெற்றவர். எரியும் நெருப்பின் மேல் அமர்ந்து, கேட்டவற்றையெல்லாம் அக்கணமே பாடினார் என்னும் எமகண்டக் கதை வரலாறோ புனைவோ, மக்கள் அதனை நம்பி மகிழ்ந்தனர். ஆயினும் அவர் தனிப்பாடல்கள் இன்று சுவைக்கப்படுவது நெருப்பின் பொருட்டன்று. ஒரு சொற்றொடர் இருபொருள் பட நின்று, பிரித்தால் ஒன்றும் சேர்த்தால் மற்றொன்றுமாக ஒளிரும் சிலேடையின் பொருட்டே அவை வாழ்கின்றன. நெருப்பை மறந்த பின்னும் பாடல் நிற்கிறது. விரைவுக்கலைக்கு இதனினும் சிறந்த உரைகல் வேறில்லை.

விரைவின் வேர்

முன்னாயத்தம் கூடாது என்பது ஒருநாட் படக்கதையின் தலையாய விதி. இவ்விதி புறத்தே உள்ள ஆயத்தத்தைத் தடுக்கும். அகத்தே உள்ளதைத் தடுக்க இயலாது. ஓவியன் மேசை முன் அமரும்போது வெறுங்கையனாக அமர்வதில்லை. அதுவரை அவன் வரைந்த முகங்கள், படித்த கதைகள், கேட்ட பேச்சுகள், அழித்து அழித்து வரைந்த கைவிரல்கள் அனைத்தும் அவனோடு வந்து அமர்கின்றன. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) சொல்லச் சொல்ல மாணாக்கர் ஏட்டில் எழுதினர் என்று உ. வே. சாமிநாதையர் பதிவு செய்துள்ளார். அவ்விரைவு திடீரென வந்ததன்று. பழைய நூல்கள் பலவற்றை நெஞ்சில் நிறைத்துக்கொண்ட ஒருவரிடமிருந்து பாடல்கள் ஊற்றெனப் பெருகின. ஊற்று விரைந்து சுரப்பது, மழை நெடுங்காலம் மண்ணில் இறங்கியிருப்பதனாலேயாம்.

கடார மண்ணில் வாழ்வோர்க்கு இதனை விளக்க நூற்சான்று வேண்டுவதில்லை. பீடோங் வட்டாரத் தோட்டங்கள் பல இன்று செம்பனைக்கு மாறிவிட்டன. எனினும், பால்மரம் வெட்டிய கைகளை முதியோர் மறந்திலர். விடியற்காலைப் பெரட்டு முடிந்து நிரைக்குச் செல்லும் தொழிலாளி, வெயில் ஏறுமுன் சில நூறு மரங்களை வெட்டி முடிப்பார். ஒரு மரத்தின் முன் அவர் நிற்கும் நேரம் மிகச் சிறிது. ஆயினும் கத்தி, பட்டையில் பாலோடும் பகுதியைத் தொட்டு, உள்மரத்தைத் தொடாமல் மீளும். பால் கோட்டின் வழியே இறங்கி மங்கில் சொட்டும். பழகாத கை அதே விரைவில் வெட்டினால் மரம் காயப்படும்; காயத்தின் மேல் வளரும் பட்டை முடிச்சும் மேடுமாகி, பின்னாளில் வெட்டுக்கு உதவாமற் போகும். விரைவு ஒன்றே, ஒன்று திறம், மற்றொன்று கேடு. இரண்டையும் வேறுபடுத்துவது பழக்கம்.

நம் நாட்டின் புகழ்பெற்ற படக்கதை ஓவியர் லாட்டின் வளர்ச்சியும் இவ்வாறே அமைந்தது. 1951இல் பேராக் மாநிலத்திற் பிறந்த அவருடைய முதற் படக்கதை நூல், 1964இல் பினாங்குப் பதிப்பகம் ஒன்றினால் வெளியிடப்பட்டது. அப்போது அவர் பள்ளிச் சிறுவர். அவருடைய தலைசிறந்த நூலாகிய கம்போங் பாய் வெளிவந்தது 1979இல். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் செய்தித்தாள்களில் இடைவிடாது வரைந்து பழகிய கையே அந்நூலில் ஆற்றையும் அத்தாப்புக் கூரையையும் ஈயச் சுரங்கத்தையும் சில கோடுகளில் உயிர்பெறச் செய்தது. கோடுகள் சில, அவற்றின் பின்னிருந்த ஆண்டுகள் பல.

விளைவின் மதிப்பு

ஒரு நாளில் பிறக்கும் படக்கதைகளில் சில பொதுக் குறைகளைக் காணலாம். முதற் பக்கங்களில் கட்டங்கள் நெருங்கி நிற்கும். கடைப் பக்கங்களில் பெரிய கட்டம் ஒன்றே பக்கத்தை நிரப்பும். தொடக்கத்தில் நுணுகி வரையப்பட்ட முகம் முடிவில் இரு புள்ளியும் ஒரு கோடுமாகச் சுருங்கும். கதைப்பொருள் கிடைக்காத ஓவியன், கதைப்பொருள் கிடைக்காத ஓவியனைப் பற்றியே வரையத் தொடங்குவான். உறக்கமின்மை கதைக்குள் நுழைந்து கனவாக விரியும். இக்குறைகளைக் கடிகாரத்தின் மேல் ஏற்றிப் பொறுத்துக்கொள்ளுதல் காண்போர்க்குப் பொருந்தும். வாசகர்க்கு அக்கடமை இல்லை. ஓராண்டு கழித்து அந்நூலை எடுப்பவர் கடிகாரத்தைக் காண்பதில்லை. பார்வையாளர் கையைக் காண்கிறார். வாசகர் கதையைக் காண்கிறார்.

குறைகளேயன்றி நிறைகளும் உள. அச்சம் நீங்குதல் அவற்றுள் முதன்மையானது. ஒரு கோட்டினைப் பத்து முறை அழிக்கும் ஓவியனுக்கு அழிப்பதற்கு நேரமில்லை என்னும்போது, முதற் கோட்டினை நம்பும் துணிவு பிறக்கிறது. இரண்டாவது நிறை சுருக்கம். பேச்சுக் குமிழி சிறியது. அதனுள் நீண்ட வாக்கியம் அடங்காது. சுருங்கச் சொல்லலை நூலின் அழகுகளுள் முதலாவதாக வைத்தது நன்னூல். ஓவியனுக்கு அவ்விலக்கணத்தைக் கட்டத்தின் அளவே கற்பித்துவிடுகிறது. மூன்றாவது நிறை முடிவு. தொடங்கிய கதையை முடித்தல் என்னும் பழக்கம் எளிதாகத் தோன்றினும் இளம் படைப்பாளர்க்கு அரிதாக வாய்ப்பது. நல்ல தொடக்கங்கள் பல குறிப்பேடுகளில் மூன்றாம் பக்கத்தோடு உறங்கிக் கிடக்கின்றன.

எனவே ஒருநாட் படக்கதையை இரு முறை மதிப்பிடுதல் வேண்டும். நிகழ்ந்த நாளில் முயற்சிக்கு மதிப்பளிக்கலாம். நாள் கடந்த பின்னர்ப் படைப்பை மட்டுமே மதிப்பிடுதல் வேண்டும். நீல் கெய்மன் வரைந்து நிறுத்திய கதை இதனை விளக்கும். அவர் தொழில்முறை ஓவியர் அல்லர். அவர் எடுத்துக்கொண்டதோ 218 முதல் 222 வரை ஆண்டு, பதினெட்டு வயதளவில் கொல்லப்பட்ட ரோமானிய இளவேந்தன் எலியோகாபாலஸ் வரலாறு. சிறுகதை போலவே சுருங்கிய வாழ்க்கை அது. வேந்தனின் வாழ்வும் முறிந்தது. கதையின் பக்கக் கணக்கும் முறிந்தது. ஆயினும் கதைசொல்லியின் குரல் முறியவில்லை. ஓவியப் பயிற்சியின் குறையை எடுத்துரைக்கும் பயிற்சி ஈடு செய்தது. பக்கம் எண்ணி மதிப்பிடுவோர்க்கு அது தோல்வி; படித்து மதிப்பிடுவோர்க்கு அவ்வாறன்று.

போட்டியும் படைப்பும்

மலேசியத் தமிழர் விழாக்களில் உடனடிப் பேச்சு, உடனடிக் கவிதை, ஓவியம், வண்ணம் தீட்டுதல் எனப் போட்டிகள் நிறைந்துள்ளன. அவை பிள்ளைகளை மேடைக்குக் கொணர்ந்தன. அந்நன்மையை மறுத்தல் தகாது. ஆயினும் போட்டி முடிந்ததும் கோப்பை வீட்டிற்குச் செல்கிறது. வரைந்த தாள் எங்குச் செல்கிறது என்று எவரும் கேட்பதில்லை. ஒரு மணி நேரத்தில் வரையப்பட்டது பரிசு பெற்றதும், அதனைத் திருத்துவதற்கோ தொடர்வதற்கோ மாணவனுக்குக் காரணம் இல்லாமற் போகிறது. அருஞ்செயல் நூலை மறைக்கும் பழைய கதையே இங்குச் சிறிய அளவில் மீண்டும் நிகழ்கிறது.

இதற்கு மாற்று வழியும் இந்நாட்டிலேயே காட்டப்பட்டதுண்டு. 1950–51ஆம் ஆண்டுகளில் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு ஒன்றினை நடத்தினர். பாடமும் பயிற்சியும் தந்து, எழுதியோரின் ஆக்கங்களை மதிப்பிட்டு வழிகாட்டினர். அதிலிருந்து கிளைத்த எழுத்தாளர் தலைமுறையை இந்நாட்டுத் தமிழிலக்கிய வரலாறு நன்றியோடு குறிக்கிறது. 1924இல் தொடங்கிய அந்நாளிதழ் 2019இல் நின்றுபோயிற்று. வகுப்பு கற்பித்த உண்மை நிற்கவில்லை: எழுத்தாளனை ஆக்குவது பரிசன்று, திருத்தமே.

தமிழ்ப்பள்ளிகளில் ஒருநாட் படக்கதையை மேற்கொள்வதாயின் இவ்வுண்மையோடு சேர்த்தே மேற்கொள்ளுதல் தகும். இரவு முழுதும் விழித்திருத்தல் பிள்ளைகளுக்கு ஆகாது. காலையில் தொடங்கி மாலையில் முடியும் ஒரு பகற்பொழுதும், மடித்தால் எட்டுப் பக்கமாகும் ஒரு தாளும் போதும். பீடோங் போன்ற சிற்றூரில் பள்ளி மண்டபமோ கோயில் மண்டபமோ அதற்கு இடமாகலாம். பெற்றோரும் வந்து காணலாம். பரிசு வேண்டா; மெக்லவுட்டும் பிசெட்டும் பரிசுக்காக வரைந்தவர் அல்லர். முடிக்க இயலாத மாணவனுக்கு நிறுத்திக்கொள்ளும் உரிமையும் தொடர்ந்து வரையும் உரிமையும் வேண்டும். ஒரு திங்கள் கழித்து, அதே மாணவர் அதே கதைகளைத் திறந்து, ஆசிரியர் துணையோடு திருத்தி வரைதல் வேண்டும். திருத்திய கதைகளைத் தைத்துப் பள்ளி நூலகத்தில் வைத்தல் வேண்டும். 2021ஆம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு கைவிடப்பட்ட பின்னர், இத்தகைய பணிக்கு ஆண்டில் சில நாள்களை ஒதுக்குவது அரிதன்று.

இதில் அடங்கியுள்ள இழப்பும் ஆக்கமும் சிறியன அல்ல. லயமும் பெரட்டுக்களமும் ஆயாக் கொட்டகையும் செம்மண் சடக்கும் கண்முன்னே மறைந்து வருகின்றன. அவற்றின் வடிவம் அறிந்த பாட்டியும் தாத்தாவும் இன்னும் சில காலமே துணையிருப்பர். கடல் கடந்து வந்த அம்புலிமாமாவில் அரண்மனையும் ஆலமரமும் கண்டு மகிழ்ந்த தலைமுறை, தான் வாழ்ந்த லயத்தைப் படக்கதையில் கண்டது அரிது. மங்கு எப்படி இருக்கும், பால்வாளியைக் காண்டா மரத்தில் எப்படித் தொங்கவிட்டுத் தூக்குவர் என்று கேட்டு வரையும் பேரப்பிள்ளை, ஓவியத்தோடு வரலாற்றையும் கற்கும். அவ்வாறு கேட்பது விதிக்கு முரணான ஆயத்தமும் அன்று. அதுவே ஊற்றுக்கு நீர் சேர்க்கும் மழை.

கடாரம் நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்ற மாநிலம். நாற்றங்காலில் பயிர் நெருங்கியும் விரைந்தும் முளைக்கும். அப்பசுமையைக் கண்டு மகிழ்வது இயல்பு. ஆனால் உழவன் அதனை விளைச்சல் என்று கொள்வதில்லை. பறித்து, வயலில் இடம்விட்டு நட்ட பின்னரே கதிரை எதிர்பார்க்கிறான். ஒருநாட் படக்கதையும் நாற்றங்காலே. நடவு செய்யும் பொறுப்பு ஆசிரியர்களுடையது.